அணுக்கருவின் ஆற்றல் மட்டங்களை எண்ணும் தொழில்

யுரேனியம்-238 கருவுக்குள் மெதுவான நியூட்ரான் ஒன்று புகும்போது உருவாகும் யுரேனியம்-239 கரு, அந்த நியூட்ரானைப் பிணைத்துக்கொண்டதால் கிடைக்கும் ஏறத்தாழ 4.8 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைத் தன்னுள் தாங்கியபடி கிளர்வுற்ற நிலையில் இருக்கிறது. மெகா எலக்ட்ரான் வோல்ட் என்னும் அலகு இனி மெ.எ.வோ. என்று சுருக்கிக் குறிக்கப்படும். புகும் நியூட்ரானின் ஆற்றலைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே சென்றால் 6.67, 20.9, 36.7, 66.0 எலக்ட்ரான் வோல்ட் ஆகிய இடங்களில் உட்கவர்தல் திடீரென எகிறுவதைக் காணலாம். ஒத்ததிர்வுகள் எனப்படும் இந்த உச்சங்கள் ஒவ்வொன்றும் யுரேனியம்-239 கருவின் ஓர் ஆற்றல் மட்டத்தைக் காட்டுகின்றன. அவற்றுக்கிடையே உள்ள சராசரி இடைவெளி ஏறத்தாழ 20 எலக்ட்ரான் வோல்ட்தான். அந்த உயரத்தில் ஒரு மெ.எ.வோ. அகலமுள்ள பட்டைக்குள் ஒரே வகைத் தற்சுழற்சி கொண்ட மட்டங்கள் மட்டுமே ஐம்பதாயிரம் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. தரைநிலைக்கு அருகில் அதே அகலத்துக்குள் சில பத்து மட்டங்களே இருக்கின்றன என்பதை ஒப்பிட்டால், ஐந்து மெ.எ.வோ.க்கும் குறைவான ஏற்றத்துக்குள் மட்டங்கள் எத்துணை வேகமாக நெருங்கிவிடுகின்றன என்பது புலப்படும். ஓர் அலகு ஆற்றல் இடைவெளிக்குள் எத்தனை மட்டங்கள் உள்ளன என்னும் இந்த அளவே ஆற்றல் மட்ட அடர்த்தி எனப்படுகிறது. அதைக் கோட்பாட்டின் வழியே கணித்துத் தருவதே இங்கு பேசப்படும் தொழில்.

1934 முதல் ரோம் நகரில் ஃபெர்மியும் அவருடைய குழுவினரும் மெதுவான நியூட்ரான்களைக் கொண்டு செய்த ஆய்வுகளும், அவற்றைத் தொடர்ந்து வெளிப்பட்ட குறுகிய ஒத்ததிர்வுகளும், கருவுக்குள் ஒரேயொரு துகள் தனியே ஓடுவதாகக் கொண்ட பழைய படத்தைக் குலைத்தன. 1936இல் நீல்ஸ் போர் முன்வைத்த கூட்டு அணுக்கருக் கருத்தின்படி, புகும் நியூட்ரான் கொண்டுவரும் ஆற்றல் எல்லாத் துகள்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. பகிர்வதற்கான வழிகள் எத்தனை உண்டோ ஏறக்குறைய அத்தனை மட்டங்கள் உண்டு. அதே ஆண்டில் ஹான்ஸ் பெத்தே, கருவை ஒன்றோடொன்று மோதாத துகள்களாலான ஃபெர்மி வாயுவாகக் கொண்டு, அந்த வழிகளின் எண்ணிக்கைக்கு முதல் வாய்பாட்டை எழுதினார். ஃபெர்மி வாயு என்பது ஒரு நிலையில் ஒரு துகளே இருக்கலாம் என்ற விதிக்குக் கட்டுப்பட்டு, கீழிருந்து மேலாக நிரம்பிய துகள்களின் தொகுதி. பெத்தேயின் வாய்பாட்டில் மட்ட அடர்த்தி, கிளர்ச்சியாற்றலின் வர்க்கமூலத்தை அடுக்காகக் கொண்டு பெருகுகிறது.

இவ்விடத்தில் தமிழ் வாசகர் அறிந்த ஒரு பெயர், தொலைவிலுள்ள எண்கணிதத்திலிருந்து நேராக அணுக்கருவுக்குள் வந்து சேர்கிறது. சம இடைவெளியுள்ள நிலைகளில் ஒரே வகைத் துகள்கள் கீழிருந்து நிரம்பியிருப்பதாகக் கொண்டு, அவற்றுக்கு மொத்தம் ஐந்து அலகு ஆற்றல் தரப்படுவதாக வைத்துக்கொள்ளலாம். மேலே உள்ள துகள் எத்தனை படி ஏறுகிறதோ அதற்கு மேற்படாமல்தான் அதற்கடுத்த துகள் ஏற முடியும். ஆகையால் ஒவ்வோர் ஏற்பாடும் ஐந்து என்னும் எண்ணை, முந்தையதை மிஞ்சாமல் வரிசையாக வரும் முழு எண்களின் கூட்டலாக எழுதும் ஒரு வழியாகிறது. அப்படி எழுத ஏழு வழிகள் இருப்பதால் ஏழு மட்டங்கள் கிடைக்கின்றன. பத்து அலகுக்கு 42, நூறு அலகுக்கு 19,05,69,292 என்று வளர்கின்ற இந்த எண் பிரிவினைகளுக்கு ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் கண்ட தோராய வாய்பாடும், ஒரே வகைத் துகள்களாலான ஃபெர்மி வாயுவுக்கு வெப்ப இயக்கவியல் தரும் வாய்பாடும், அடுக்கிலும் முன்னே நிற்கும் காரணியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. போரும் கல்காரும் 1937இல் வெளியிட்ட ஆய்வில் கருவின் மட்டங்களை மதிப்பிட அந்த வாய்பாட்டையே கையாண்டனர். அதே ஆண்டில் வான் லியரும் உலன்பெக்கும் அத்தொடர்பை விரித்தனர். டெல்லியில் அவுலக்கும் கோத்தாரியும் 1946இல் எண் பிரிவினைகளையும் புள்ளியியல் இயக்கவியலையும் இணைத்து எழுதினர். இத்துறைக்குப் புதிதாக வரும் மாணவருக்கு வாய்பாட்டை மட்டும் கொடுத்துவிடாமல் இந்த எண்ணும் பயிற்சியையும் செய்யவைப்பது நல்லது. அடுக்கில் வர்க்கமூலம் ஏன் வருகிறது என்பது, அதைக் கையால் ஒருமுறை எண்ணிப் பார்த்தவருக்குப் பின்னர் மறப்பதில்லை.

உண்மையான கருவில் புரோட்டான், நியூட்ரான் என இரு வகைத் துகள்கள் உண்டு. நிலைகளுக்கு இடையே சம இடைவெளியும் இல்லை. துகள்கள் ஒன்றையொன்று ஈர்க்கவும் செய்கின்றன. இவை யாவற்றையும் தாங்க வேண்டிய பொறுப்பு, பெத்தேயின் வாய்பாட்டில் மட்ட அடர்த்தி அளவுரு எனப்படும் ஒற்றை எண்ணின்மேல் விழுகிறது. ஃபெர்மி மட்டத்தின், அதாவது நிரம்பிய நிலைகளின் மேல் விளிம்பின், அருகே ஒற்றைத் துகள் நிலைகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதைக் கூறும் அந்த எண், தளைப்படாத வாயுவுக்கு நிறை எண்ணில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். ஒத்ததிர்வு அளவீடுகளோ எட்டில் ஒரு பங்கைக் கேட்கின்றன. நிறை எண் 240 உடைய கருவை 5 மெ.எ.வோ. வரை கிளர்த்தினால், இந்த இரு மதிப்புகளும் அடுக்குக்குறிக் காரணியில் மட்டும் எழுநூறு மடங்குக்கு மேல் வேறுபடுகின்றன. கருவின் மேற்பரப்பு, துகளின் பயனுறு நிறை, அதிர்வு இயக்கங்களோடு துகள்கள் கொள்ளும் பிணைப்பு ஆகியவற்றால் வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்க முடிகிறது. எனினும் அன்றாடக் கணக்கில் அந்த எண் பொருத்திப் பெறப்படுவதேயன்றி வருவிக்கப்படுவதில்லை. அதில் பத்து விழுக்காடு பிசகினால் விடை மூன்று மடங்குக்கு மேல் மாறிவிடும் என்பதால், இத்தொழிலில் பழகியவர்கள் இரண்டு மடங்குக்குள் அமையும் ஒப்புமையை நல்ல ஒப்புமை என்றே கொள்கின்றனர்.

பொருத்துவதற்கு இரண்டு நங்கூரங்கள் உண்டு. தரைநிலையை ஒட்டித் தனித்தனியே அளந்து பட்டியலிடப்பட்ட மட்டங்கள் ஒன்று. நியூட்ரான் பிரிப்பு ஆற்றலில், அதாவது ஒரு நியூட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றலில், ஒத்ததிர்வுகளின் சராசரி இடைவெளி மற்றொன்று. இரண்டும் பார்வைக்கு உறுதியானவை, ஆயினும் அருகில் சென்றால் இரண்டிலும் தீர்ப்பு கலந்திருக்கிறது. ஒத்ததிர்வுகளின் அகலங்கள் 1956இல் போர்ட்டரும் தாமஸும் கூறிய பரவலைப் பின்பற்றுகின்றன. அப்பரவலின்படி சராசரியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த அகலமுடையவை சுமார் 8 விழுக்காடு இருக்கும், அவை கருவியின் இரைச்சலில் மறைந்துபோகும். மறைந்தவற்றைச் சேர்த்தால் இடைவெளி குறையும். அதற்கு மாறாக, கோண உந்தம் ஓர் அலகு கொண்டு வரும் நியூட்ரான்கள் எழுப்பும் மெல்லிய ஒத்ததிர்வுகள், யுரேனியம்-238இல் 10.2 எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ளதைப் போன்றவை, தவறாக எண்ணிக்கையில் சேர்ந்துவிடக்கூடும். ஒரே வகை மட்டங்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன என்ற விக்னரின் விதியும், டைசனும் மேத்தாவும் 1963இல் தந்த புள்ளியியல் சோதனைகளும் எண்ணிக்கை முழுமையானதா என்று பார்க்க உதவுகின்றன. ஆனாலும் பட்டியலில் காணும் சராசரி இடைவெளி, மதிப்பீட்டாளர் ஒருவர் பல ஒத்ததிர்வுகளைச் சேர்ப்பதா விலக்குவதா என்று ஒவ்வொன்றாக முடிவெடுத்த பின்னரே எழுதப்பட்ட எண் என்பதை மாதிரியாளர் மறக்கலாகாது.

அந்த எண்ணிலிருந்து மொத்த மட்ட அடர்த்திக்குச் செல்லும் வழியில் இதைவிடப் பெரிய ஐயம் ஒன்று காத்திருக்கிறது. தற்சுழற்சியற்ற யுரேனியம்-238 மீது படும் மெதுவான நியூட்ரான், தற்சுழற்சி அரை அலகும் ஒரே பாரிட்டியும் கொண்ட மட்டங்களை மட்டுமே தொடுகிறது. பாரிட்டி என்பது, இடவலம் மாற்றும்போது நிலையின் அலைச்சார்பு குறி மாறுமா மாறாதா என்பதைக் காட்டும் பண்பு. எஞ்சிய தற்சுழற்சிகள் எவ்வாறு பரவியுள்ளன என்பதைத் தற்சுழற்சி வெட்டு அளவுரு என்னும் அகலம் தீர்மானிக்கிறது. அதன் மதிப்பை 5 என்று கொண்டு இரு பாரிட்டிகளும் சரிபாதி எனவும் வைத்தால், அளந்த மட்டங்கள் மொத்தத்தில் இரண்டு விழுக்காடே ஆகின்றன, மொத்த அடர்த்தி ஒரு மெ.எ.வோ.க்கு இருபத்தைந்து லட்சமாகிறது. அதே அகலத்தை 4 என்று கொண்டால் மொத்தம் பதினாறரை லட்சமாகக் குறைந்துவிடுகிறது. கருவைத் திடப்பொருளாகக் கருதி நிலைமத் திருப்புத்திறனைக் கணக்கிட்டால் ஒரு மதிப்பும், தாழ்ந்த மட்டங்களின் தற்சுழற்சிகளிலிருந்து கணக்கிட்டால் வேறொரு மதிப்பும் வருகின்றன. இரண்டுக்கும் இடையே எந்த ஆற்றலில் எவ்வாறு மாறுவது என்பதற்கு நேரடி அளவீடு மிகக் குறைவு. மட்ட அடர்த்தி பற்றிய கட்டுரைகளில் ஒரு வரியில் கடந்துசெல்லப்படும் இந்த அளவுருவே, முடிவை மாற்றுவதில் பல வேளைகளில் மற்ற எல்லாவற்றையும் விட வலிமை வாய்ந்ததாக இருக்கிறது. இதற்குரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்பது இத்துறையின் உண்மையான குறை.

கீழ் நங்கூரத்தைப் பொறுத்தவரை, ஆற்றல் ஏற ஏற மட்டங்களின் மொத்த எண்ணிக்கையை மடக்கை அளவில் வரைவதே முதல் வேலை. படிக்கட்டாக ஏறும் அந்தக் கோடு ஓரிடத்தில் சரிந்து தட்டையாகத் தொடங்கும். இயற்கையில் மட்டங்கள் குறையவில்லை, அளவீடு அவற்றைத் தவறவிடத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். அந்த இடத்தைக் கண்டு அதற்குக் கீழே உள்ளவற்றை மட்டும் பொருத்துதலுக்குக் கொள்ள வேண்டும். வரைபடத்தைக் கண்ணால் பார்க்காமல் தானியங்கியாக எல்லையிடும் பழக்கம் பல கருக்களில் தவறான சரிவைத் தந்துவிடுகிறது.

இரு நங்கூரங்களையும் இணைக்க 1965இல் கில்பர்ட்டும் கேமரனும் தந்த வழி இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. தாழ்ந்த ஆற்றலில் மட்டங்கள் ஆற்றலையே நேரடி அடுக்காகக் கொண்டு பெருகுவதாக, அதாவது வெப்பநிலை மாறாததாக எடுத்துக்கொண்டு, உயர்ந்த ஆற்றலில் ஃபெர்மி வாயுவுக்கு மாறி, இரண்டும் சந்திக்கும் புள்ளியில் மதிப்பும் சரிவும் ஒட்டுமாறு அவர்கள் அமைத்தனர். சில கருக்களில் அந்தச் சந்திப்புக்குத் தீர்வே கிடைப்பதில்லை. அப்போது ஏதேனும் ஓர் அளவுருவைக் கையால் நகர்த்த வேண்டியிருக்கும், அந்த நகர்த்தலைக் குறித்துவைப்பது மாதிரியாளரின் கடமை. 1973இல் தில்க்கும் அவருடைய கூட்டாளிகளும் ஃபெர்மி வாயுவையே முழுவதும் வைத்துக்கொண்டு, ஆற்றலின் தொடக்கப் புள்ளியை மட்டும் நகர்த்தும் பின்னகர்த்திய வாய்பாட்டைத் தந்தனர். அந்த நகர்வு, துகள்கள் இணையிணையாகப் பிணைந்திருப்பதால் அவற்றைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றலோடு தொடர்புடையது. மாறா வெப்பநிலை வெறும் கணக்குச் சூழ்ச்சி என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் தோரியம், யுரேனியக் கருக்களில் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்ட அளவீடுகள் அதையே காட்டின. அங்கே வெப்பநிலை 0.4 மெ.எ.வோ. அளவில் நின்றுவிடுகிறது, ஒவ்வொரு மெ.எ.வோ. ஏற்றத்துக்கும் மட்டங்கள் பன்னிரண்டு மடங்கு பெருகுகின்றன. கொதிக்கும் நீரில் ஊட்டிய வெப்பம் ஆவியாக்கவே செலவாவது போல, ஏறும் ஆற்றல் இணைகளை உடைக்கவே செலவாகிறது என்ற விளக்கம் இன்று வலுப்பெற்றிருக்கிறது.

இந்திய ஆய்வாளர்களின் பங்களிப்பு ஆழமாக அமைந்த இடம் கூட்டு விளைவு, அதாவது கருவின் துகள்கள் கூடு கூடாக நிரம்புவதால் எழும் விளைவு. புரோட்டானும் நியூட்ரானும் மூடிய கூடுகளாக அமைந்த ஈயம்-208இல் முதல் கிளர்ந்த நிலையே 2.61 மெ.எ.வோ. உயரத்தில் இருக்க, யுரேனியம்-238இல் அது 0.045 மெ.எ.வோ.தான். மூடிய கூடுகளுக்கு அருகே மட்ட அடர்த்தி அளவுரு பெரிதும் தாழ்ந்துவிடுகிறது. எனினும் போதிய ஆற்றல் ஊட்டினால் கூடுகளின் நினைவு அழிந்து எல்லாக் கருக்களும் ஒரே போக்கைப் பின்பற்ற வேண்டும். டிராம்பேயில் பணியாற்றிய ராமமூர்த்தி, கபூர், கட்டாரியா ஆகிய மூவரும் 1970இல் கூட்டு விளைவு ஆற்றலோடு எவ்வாறு தேய்கிறது என்பதைக் காட்டி, பின்னர் 1978இல் அதை உள்ளடக்கிய வாய்பாட்டையும் தந்தனர். சோவியத் நாட்டின் ஒப்னின்ஸ்கில் இக்னாத்யுக் குழுவினர் 1975இல் எழுதிய வாய்பாடே உலகெங்கும் கணினி நிரல்களில் அதிகம் பரவியது. எனினும் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அக்கருத்து டிராம்பேயில் தெளிவாக இருந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். தேய்வின் வேகத்தை நேரடியாக அளந்த பணியும் மும்பையில்தான் நடந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையமும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தும் பெலட்ரான் முடுக்கியில் லித்தியம்-7 கற்றையைத் தாலியம்-205 மீது செலுத்தி, கிளர்ந்த ஈயம்-208 உமிழும் நியூட்ரான்களின் ஆற்றலை அளந்து, தேய்வு அளவுரு ஒரு மெ.எ.வோ.க்கு 0.06 என்று 2013இல் வெளியிட்டனர். கூட்டு விளைவு மூன்றில் ஒரு பங்குக்கு அருகே குறைய ஏறத்தாழ 17 மெ.எ.வோ. வேண்டும் என்பது இதன் பொருள். அதுவரை பொருத்திப் பெற்ற எண்ணாக மட்டும் இருந்த ஒன்று அந்த அளவீட்டால் இயற்கையில் கண்ட எண்ணாயிற்று.

ஓஸ்லோ முறை இரு நங்கூரங்களுக்கு இடையே உள்ள இருண்ட பகுதியில் ஒளி பாய்ச்சியது உண்மை. கிளர்ந்த கரு உமிழும் காமாக் கதிர்களின் நிறமாலையிலிருந்து மட்ட அடர்த்தியையும் கதிர் உமிழ்வின் வலிமையையும் ஒருங்கே பிரித்தெடுக்கும் அம்முறை, வளைவின் உருவத்தைத் தருகிறதேயன்றி அதன் உயரத்தையும் சாய்வையும் தருவதில்லை. அவ்விரண்டையும் தாழ்ந்த மட்டங்களையும் ஒத்ததிர்வு இடைவெளியையும் கொண்டே நிறுவ வேண்டும், ஒத்ததிர்வு இடைவெளியை மொத்த அடர்த்தியாக்க மறுபடியும் தற்சுழற்சி அகலம் தேவைப்படுகிறது. ஆகவே மாதிரி ஒன்று ஓஸ்லோ அளவீட்டோடு ஒத்துப்போகிறது என்று அறிவிக்கும் முன், அந்த அளவீடு எந்த அகலத்தைக் கொண்டு சாய்க்கப்பட்டது, மாதிரி எந்த அகலத்தைக் கொண்டது என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அட்டவணையிலிருந்து வந்திருந்தால், அந்த ஒப்புமையின் பெரும்பகுதி முன்கூட்டியே அமைக்கப்பட்டது.

துகள்களுக்கிடையிலான விசையிலிருந்தே தொடங்கும் நுண் கணக்கீடுகள் இச்சுழலிலிருந்து விடுதலை தரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கூடு மாதிரியில் நிக்கல்-56க்கு ஒரு பெருங்கூட்டில் மட்டும் எழுத வேண்டிய அணியின் பரிமாணம் நூறு கோடியைத் தாண்டுகிறது, டிஸ்புரோசியம்-162க்கு அது பத்தின் இருபத்தொன்பதாம் அடுக்கை எட்டுகிறது. நேரடியாகத் தீர்க்க இயலாத இவ்விடத்தில் அல்ஹாசிட்டும் நகடாவும் 1997இல் மான்டே கார்லோ மாதிரிக்கூறெடுப்பைக் கையாண்டு இரும்பை ஒட்டிய கருக்களுக்கு அடர்த்தியைக் கணித்தனர். ராச்செஸ்டரில் ஃபிரெஞ்சு தொடங்கிவைத்து, ஆமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தில் கோட்டா வளர்த்தெடுத்த நிறமாலைப் பரவல் முறை, மட்டங்களைத் தனித்தனியே தேடாமல் பரவலின் சராசரியையும் விரிவையும் கொண்டே அடர்த்தியைத் தருகிறது. எல்லாக் கருக்களுக்கும் பொதுவான அட்டவணையாக, கோரியெலி, ஹிலேர், கோனிங் ஆகியோர் 2008இல் வெளியிட்ட சேர்மான முறைக் கணக்கீடு இன்று டாலிஸ் போன்ற நிரல்களில் இணைந்திருக்கிறது. எனினும் சர்வதேச அணுசக்தி முகமையின் மூன்றாம் பதிப்பு உள்ளீட்டு அளவுரு நூலகத்தில் அந்த அட்டவணையோடு இரண்டு திருத்த எண்கள் வருகின்றன. ஆற்றலை நகர்த்த ஒன்று, சரிவைத் திருத்த ஒன்று என்ற அவ்விரண்டும் அதே இரு நங்கூரங்களுக்குப் பொருத்தப்பட்டவை. நுண் கணக்கீடு என்ற பெயர் மட்டும் ஓர் அட்டவணைக்கு மேலான நம்பிக்கையைத் தந்துவிடாது. திருத்தத்துக்கு முன் அது எவ்வளவு விலகியிருந்தது என்பதே அதன் தரத்துக்குரிய சான்று.

நங்கூரங்களைக் கவனமாகச் சோதிக்குமாறு பட்டறிவுள்ளவர்கள் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், கணித்த அடர்த்தி அதிகம் தேவைப்படும் கருக்களில் இந்த நங்கூரங்களே இல்லாமற்போவதுதான். நியூட்ரான் விண்மீன்களின் மோதலில் தங்கமும் யுரேனியமும் உருவாகும் விரைவு நியூட்ரான் கவர்தலில் பங்குகொள்ளும் கருக்கள் நொடியின் சிறு பகுதியில் சிதைபவை. அவற்றை இலக்காக்கி நியூட்ரான்களைச் செலுத்தி ஒத்ததிர்வுகளை எண்ண இயலாது, பலவற்றில் தாழ்ந்த மட்டங்களும் ஒன்றிரண்டே தெரியும். அங்கே நிலையான கருக்களில் ஒன்றோடொன்று நன்கு ஒத்துப்போன மாதிரிகள், நியூட்ரான் எண்ணிக்கை ஏற ஏற விரிந்து பிரிந்து, கவர்தல் வேகத்தில் பத்து மடங்கும் அதற்கு மேலும் வேறுபடுகின்றன. 2014இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காலியம்-76இன் பீட்டாச் சிதைவைக் கொண்டு ஜெர்மானியம்-76இன் மட்ட அடர்த்தியைப் பெற்ற முறை இதற்கு ஒரு வழி திறந்தது. சிதையும் கருவே தன் மகள் கருவைக் கிளர்த்திவிடுவதால் இலக்கு தேவைப்படவில்லை, குறைந்த செறிவுள்ள கற்றையே போதுமானதாயிற்று. அம்முறையிலும் சாய்வை நிறுவ வேண்டியிருக்கிறது என்பதால், ஒத்ததிர்வு இடைவெளியை நாடாமல் இருவேறு தாழ்ந்த மட்டங்களுக்கு இறங்கும் காமாக் கதிர்களின் விகிதத்திலிருந்தே சாய்வைப் பெறும் முயற்சிகள் அண்மை ஆண்டுகளில் நடைபெறுகின்றன. அவை தரும் சாய்வு, அளந்த இடைவெளியுள்ள கருக்களில் முதலில் சோதிக்கப்பட்டு, அதன் பிறகே தொலைவிலுள்ள கருக்களுக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும்.